எதிரியின் உலையில் உருகிய கண்ணாடி



இது கொஞ்சம் நீண்ட பதிவு. ஆறுதலாக இருக்கும் நேரத்தில் வாசியுங்கள். வீட்டில் உயர்தரம் படிக்கும் பிள்ளை இருந்தால் அவருக்கும் காட்டுங்கள்.

துவக்கைப் பற்றி இவர் ஏன் எழுதுகிறார் என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம். துவக்கு என்ன செய்யும் என்று இந்த நாட்டில் எவருக்கும் பாடம் எடுக்கத் தேவையில்லை. நான் எழுதப் போவது துவக்கின் மேல் பூட்டியிருக்கும் ஒரு சிறு குழாயைப் பற்றி. குறிப்பாக, அந்தக் குழாய்க்குள் இருக்கும் கண்ணாடியைப் பற்றி.

1915ஆம் ஆண்டு, சூரியன் மறையாத சாம்ராச்சியம் என்று பெயரெடுத்த பிரித்தானியா, தன் படைவீரனின் துவக்குக்கு வேண்டிய கண்ணாடியை, தான் சண்டை பிடித்துக்கொண்டிருந்த ஜேர்மனியிடமே விலை கேட்டுப் போனது. கப்பல், காசு, ஆலை, பல்கலைக்கழகம் எல்லாம் இருந்த ஒரு நாடு ஒரு துண்டுக் கண்ணாடிக்காக எதிரியின் கதவைத் தட்டியது ஏன்? அந்தக் கதைதான் இது. கதையின் கடைசியில் நம் பிள்ளைகளும் வருகிறார்கள்.

■ குழாய்க்குள் என்ன நடக்கிறது?

ரைபிளின் ஸ்கோப் என்பது ஒரு சின்னத் தொலைகாட்டி. முன்பக்கத்து வில்லை தூரத்திலிருந்து வரும் ஒளியைச் சேர்த்து ஓர் உருவத்தை உண்டாக்கும். அந்த உருவம் தலைகீழாக இருக்கும். நடுவில் உள்ள வில்லைகள் அதை நிமிர்த்தும். கண்ணுக்குப் பக்கத்தில் உள்ள வில்லை அதைப் பெருப்பித்துக் காட்டும்.

உருப்பெருக்கம் கூடினால் தெளிவும் கூடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். மாணவர்களும் அப்படித்தான் சொல்வார்கள். உண்மை வேறு. மங்கலான உருவத்தைப் பத்து மடங்கு பெருப்பித்தால் கிடைப்பது பத்து மடங்கு பெரிய மங்கல். தெளிவு பெருப்பத்தில் இல்லை, கண்ணாடியில் இருக்கிறது.

கண்ணாடியில் என்ன குறை வரலாம்? ஒரு கிளாஸ் தண்ணீரில் கொஞ்சம் சீனிப்பாகை மெதுவாக ஊற்றி, கலக்காமல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உள்ளே நெளிநெளியாகக் கோடுகள் ஓடும். தண்ணீரும் தெளிவானது, பாகும் தெளிவானது. ஆனால் இரண்டும் ஒளியை வெவ்வேறு அளவில் முறிக்கின்றன. அதனால் அவை சந்திக்கும் இடத்தில் ஒளி தடுமாறுகிறது. உருகிய கண்ணாடியிலும் இதேதான் நடக்கும். பாரமான சேர்மானம் அடியில் போகும், இலேசானது மேலே நிற்கும். அப்படியே ஆறினால் கண்ணாடிக்குள் நெளிகோடுகள் உறைந்துவிடும். அதை எவ்வளவு நுட்பமாகத் தீட்டி வில்லையாக்கினாலும் உருவம் கலங்கித்தான் தெரியும்.

கண்ணாடியில் ஒரு குமிழி இருந்தால் நாம் உடனே குறை சொல்வோம். ஆனால் ஒரு சின்னக் குமிழி கொஞ்சம் ஒளியை மட்டுமே தடுக்கிறது. கண்ணுக்கு இலேசில் படாத அந்த நெளிகோடுதான் முழு உருவத்தையும் கெடுக்கிறது. மாணிக்க வியாபாரத்தில் இருக்கும் நம் பேருவளைச் சகோதரர்களுக்கு இது புதிதல்ல. கல்லை டோர்ச் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, உள்ளே ஓடுவதைக் கண்டுபிடித்த பிறகுதான் அவர்கள் விலை பேசுவார்கள். வில்லைக் கண்ணாடியையும் அப்படித்தான் சோதிக்க வேண்டும், அதைவிடக் கடுமையாக.

இன்னும் சில குறைகள் இருக்கின்றன. மணலில் இரும்பு கலந்திருந்தால் கண்ணாடியில் பச்சைச் சாயல் வரும். சாதாரண யன்னல் கண்ணாடியை விளிம்பால் பார்த்தால் அந்தப் பச்சை தெரியும். அவசரப்பட்டு ஆறவைத்தால் கண்ணாடிக்குள் இறுக்கம் தங்கிவிடும். அதுவும் ஒளியைக் கோணலாக்கும். இவை எல்லாவற்றுக்கும் மேலாக நிறம் பிரியும் பிரச்சினை ஒன்று உண்டு. கண்ணாடி சிவப்பு ஒளியைவிட நீல ஒளியைக் கூடுதலாக முறிக்கிறது. ஆகவே ஒரே ஒரு வில்லையால் எல்லா நிறங்களையும் ஒரே இடத்தில் குவிக்க முடியாது. பார்க்கும் பொருளைச் சுற்றி நிறக்கரை ஒன்று படியும். தூரத்தில் இருப்பது மனிதனா மரக்குற்றியா என்று பிரித்தறிய வேண்டியவனுக்கு அந்தக் கரை போதும், ஏமாந்துபோக.

■ விதி முதலில் வந்தது, கண்ணாடி பிறகுதான் வந்தது

ஒளி எப்படி முறிகிறது என்பதைச் சரியாக எழுதியவர்களில் நம் முன்னோர் இருக்கிறார்கள். பக்தாதில் இப்னு ஸஹ்ல் 984ஆம் ஆண்டளவில் எழுதிய நூலில், இன்று பாடப்புத்தகம் சினெல்லின் விதி என்று சொல்லும் தொடர்பு இருக்கிறது. அவருக்குப் பின் வந்த இப்னுல் ஹைதம் கெய்ரோவில் எழுதிய கிதாபுல் மனாளிர் இலத்தீனில் பெயர்க்கப்பட்டு, ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் படிக்கப்பட்டது. இதைச் சொல்லிப் பெருமைப்படுவதில் தவறில்லை. ஆனால் பெருமையோடு நின்றுவிட்டால் பாதிக் கதைதான் தெரியும். விதி தெரிந்திருந்தது, அந்த விதிக்கு அடங்கி நடக்கும் அளவுக்கு ஒரே சீரான கண்ணாடியைச் செய்யும் வழி அன்று உலகில் எங்கும் இருக்கவில்லை. அதற்கு இன்னும் 800 வருடங்கள் செல்ல வேண்டியிருந்தது.

நிறம் பிரிவதை வில்லையால் திருத்தவே முடியாது என்று நியூட்டனே நினைத்தார். அதனால்தான் அவர் ஆடி வைத்த தொலைகாட்டியைச் செய்தார். 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் அதற்கும் வழி பிறந்தது. சாதாரணக் கண்ணாடியில் ஒரு வில்லை, ஈயம் கலந்த கண்ணாடியில் இன்னொரு வில்லை. ஒன்று பிரித்த நிறத்தை மற்றது சேர்த்துவிடும். ஜோன் டொலண்ட் 1758இல் இதற்குக் காப்புரிமை பெற்றார்.

வழி கிடைத்தது, ஆனால் சிக்கல் ஈயத்தில் இருந்தது. ஈயம் பாரமானது. உருகும்போது அடியில் போய்விடும். சீனிப்பாகுக் கதைதான். இரண்டு, மூன்று அங்குலத்தை விடப் பெரிதாக ஒரு நல்ல ஈயக் கண்ணாடித் துண்டு கிடைப்பது அதிர்ஷ்டம் என்ற நிலை. போதாக்குறைக்கு இங்கிலாந்து அரசாங்கம் கண்ணாடிக்கு வரி போட்டிருந்தது. அந்த வரி 1845 வரை இருந்தது. உருக்கிப் பார்த்து, பிழைத்தால் கொட்டிவிட்டு மறுபடி உருக்கிப் பார்க்க எந்த ஆலைக்காரனுக்கு மனம் வரும்?

■ கிளறியவரும் அளந்தவரும்

தீர்வு வந்தது ஒரு பேராசிரியரிடமிருந்து அல்ல. சுவிட்சர்லாந்தின் மலைக் கிராமம் ஒன்றில் மணிக்கூட்டுப் பெட்டிகள் செய்துகொண்டிருந்த பியேர் லூயி கினான் என்ற கைத்தொழிலாளியிடமிருந்து. பல வருடங்கள் தன் கைக்காசைச் செலவழித்துக் கண்ணாடி உருக்கிப் பார்த்தவர் அவர். 1805ஆம் ஆண்டளவில் அவர் கண்டது, கேட்டால் சிரிப்பு வரும் அளவுக்கு எளிமையானது: உருகிய கண்ணாடியைக் கிளற வேண்டும். தேநீரில் சீனியைக் கலக்குவது போல. ஆனால் இரும்புக் கரண்டியால் கிளறினால் கண்ணாடி நிறம் மாறிவிடும். ஆகவே உலைப் பானை செய்யும் அதே களிமண்ணில் கிளறுகோலையும் செய்து சுட்டார். கண்ணாடி ஆறி இறுகும் வரை விடாமல் கிளறினார்.

ஜேர்மனியின் பவேரியாவில் பழைய மடாலயம் ஒன்றில் இயங்கிய ஒளியியல் நிறுவனம் கினானை அழைத்துக்கொண்டது. அங்கே அவரோடு சேர்ந்தவர் யோசப் பிறவுன்ஹோபர். 11 வயதில் தாய் தந்தையை இழந்த யதீம் பிள்ளை. கண்ணாடி தீட்டும் ஒருவரிடம் தொழில் பழகிக்கொண்டிருந்தபோது, 1801இல் அந்த வீடு இடிந்து விழுந்தது. இடிபாட்டுக்குள்ளிருந்து உயிரோடு எடுக்கப்பட்ட அந்தப் பையனுக்கு நாட்டை ஆண்டவர் காசு கொடுத்து உதவினார். அவன் அந்தக் காசைப் புத்தகத்துக்கும் கண்ணாடி வெட்டும் கருவிக்கும் செலவழித்தான்.

கினானுக்குக் கை தெரியும். பிறவுன்ஹோபர் அதற்கு அளவைச் சேர்த்தார். சூரிய ஒளியை அரியத்தால் பிரித்தபோது தெரிந்த கறுப்புக் கோடுகளை அடையாளமாக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கண்ணாடியும் ஒவ்வொரு நிறத்தையும் எவ்வளவு முறிக்கிறது என்று துல்லியமாக அளந்தார். அதுவரை வில்லை செய்தவர்கள் தடவித் தடவிச் செய்தார்கள். இவர் கணக்குப் போட்டுச் செய்தார். ஐரோப்பாவின் சிறந்த வில்லைகள் லண்டனில்தான் என்ற நிலை மாறி, பவேரியாவில்தான் என்ற நிலை வந்தது.

இங்கிலாந்து சும்மா இருக்கவில்லை. வானியலாளர் ஜோன் ஹேர்ஷல் 1824இல் பிறவுன்ஹோபரை நேரில் போய்ப் பார்த்தார். பட்டறையைக் காட்டினார்கள், கண்ணாடி உருக்கும் இடத்தை மட்டும் காட்டவில்லை. இங்கிலாந்தின் றோயல் சங்கம் ஒரு குழு அமைத்து, வேலையை மைக்கல் பரடேயிடம் கொடுத்தது. மின்காந்தப் பாடத்தில் வரும் அதே பரடேதான். ஓய்வுபெற்ற பீரங்கிப்படைச் சார்ஜன்ட் அன்டர்சன் என்பவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு பல வருடங்கள் உலையோடு மல்லுக்கட்டினார். பாரமான, நல்ல கண்ணாடி சில துண்டுகள் கிடைத்தன. ஆனால் ஆலையில் செய்யக்கூடிய முறை ஒன்று கிடைக்கவில்லை. கடைசியில் அவர் அதைக் கைவிட்டார். அந்தக் கண்ணாடித் துண்டு ஒன்றை வைத்துத்தான் 1845இல் காந்தம் ஒளியைப் பாதிக்கிறது என்று பரடே கண்டுபிடித்தார். அறிவியலுக்கு அது பெரிய இலாபம். ஆனால் கண்ணாடி ஆலைக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகும் இங்கிலாந்தில் ஹார்கோட் என்ற பாதிரியாரும் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஸ்டோக்சும் புதிய சேர்மானங்களில் கண்ணாடி செய்து பார்த்தார்கள். அதுவும் ஆலைக்குப் போகாமலே நின்றுவிட்டது. பேர்மிங்ஹாமுக்குப் பக்கத்தில் சான்ஸ் சகோதரர்களின் ஆலை நல்ல ஒளியியல் கண்ணாடி செய்தது உண்மைதான். பிரான்ஸிலிருந்து வந்த பொன்தோம் என்ற தொழில் வல்லுநர்தான் கினானின் கிளறும் முறையை அங்கு கொண்டுவந்தார். ஆனால் வழமையான சில வகைகளுக்கு அப்பால் அந்த ஆலை பெரிதாகப் போகவில்லை.

■ யேனா என்ற சின்ன ஊர்

1876இல் லண்டனில் அறிவியல் கருவிகளின் கண்காட்சி ஒன்று நடந்தது. அதைப் பார்க்க வந்தவர்களில் ஒருவர், ஜேர்மனியின் யேனா ஊரில் கார்ல் சைஸ் பட்டறையோடு வேலை செய்த பேராசிரியர் ஏர்ன்ஸ்ட் அபே. நுணுக்குக்காட்டி செய்பவர்களின் கணக்கு முன்னேறிவிட்டது, கண்ணாடி பின்தங்கிவிட்டது. வேறு வேறு தன்மையுள்ள புதிய கண்ணாடிகள் வராமல் இனி மேலே போக முடியாது என்று அவர் அறிக்கை எழுதினார்.

யன்னல் கண்ணாடி செய்யும் குடும்பத்தில் பிறந்து இரசாயனம் படித்த ஓட்டோ ஷொட் என்ற இளைஞர் 1879இல் அபேக்குக் கடிதம் எழுதினார். லிதியம் சேர்த்து ஒரு புதுக் கண்ணாடி செய்திருக்கிறேன், சோதித்துப் பாருங்கள் என்று. அபே சோதித்தார். அந்தக் கண்ணாடி உதவவில்லை. அதோடு விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. அபே அவரை விடவில்லை. நீ உருக்கு, நான் அளக்கிறேன் என்று இருவரும் சேர்ந்துகொண்டார்கள். ஷொட் ஒவ்வொரு மூலகமாகச் சேர்த்துச் சேர்த்துச் சின்னச் சின்னப் பானைகளில் உருக்கினார். போரன், பொஸ்பரஸ், பேரியம் என்று தேடல் நீண்டது. 1884இல் யேனாவில் கண்ணாடி ஆலை எழுந்தது. பிரஷ்ய அரசாங்கம் 60,000 மார்க் உதவி கொடுத்தது. 1886இல் அவர்கள் வெளியிட்ட விலைப்பட்டியலில் 44 வகை ஒளியியல் கண்ணாடிகள் இருந்தன. அவற்றில் பல, உலகம் அதுவரை காணாதவை.

அந்தப் பட்டியலைப் பார்த்த லண்டன் கருவி வியாபாரிக்குக் கணக்கு எளிது. தரமும் வகையும் அங்கே இருக்கின்றன, விலையும் கட்டுப்படியாகும். வாங்கிவிட்டால் போச்சு. 30 வருடங்கள் அப்படியே வாங்கினார்கள். யாரும் அதைத் தவறென்று நினைக்கவில்லை. வியாபாரக் கண்ணால் பார்த்தால் தவறும் இல்லை.

■ 1914 ஓகஸ்ட்

யுத்தம் தொடங்கிய மாதம் பிரித்தானியா கணக்குப் பார்த்தது. தனக்கு வேண்டிய ஒளியியல் கண்ணாடியில் ஏறத்தாழ பத்தில் ஆறு பங்கு ஜேர்மனியிலிருந்து வந்துகொண்டிருந்தது. மூன்று பங்கு பிரான்ஸிலிருந்து. உள்நாட்டில் ஆனது ஒரு பங்கு. ஜேர்மனி எதிரியாகிவிட்டது. பிரான்ஸுக்குத் தன் படைக்கே போதவில்லை. கண்ணாடி செய்யத் தேவையான பொட்டாசு உப்பும்கூட ஜேர்மன் சுரங்கங்களிலிருந்தே வந்தது.

உங்கள் வீட்டில் பைனாகுலர் இருந்தால் படைக்குத் தாருங்கள் என்று முதிய தளபதி றொபர்ட்ஸ் பிரபு பொதுமக்களிடம் கேட்டார். குதிரைப் பந்தயம் பார்க்கவும் பறவை பார்க்கவும் வைத்திருந்ததை மக்கள் அனுப்பினார்கள். பல வருடங்களாகக் கடையில் காசு கொடுத்து வாங்கிய பொருளுக்கு இப்போது வீடு வீடாகக் கை நீட்ட வேண்டி வந்தது.

பதுங்குகுழிகளில் இதன் விலை உயிராக இருந்தது. ஜேர்மனியர் வேட்டைக்கார சமூகம். காட்டில் மான் வேட்டைக்கு ஸ்கோப் பூட்டிய ரைபிள்கள் அங்கே ஏராளம் இருந்தன. அவற்றைச் சேர்த்து முன்னரங்குக்கு அனுப்பினார்கள். பின்பு ஆலைகளும் படைக்கென்றே செய்து தள்ளின. இந்தப் பக்கம் பிரித்தானிய வீரனிடம் இருந்தது வெறுங்கண்ணும் இரும்புக் குறியும்.

ஸ்கோப்பின் பெரிய பலம் தூரம் மட்டுமல்ல. விடியற்காலையிலும் மஃரிபுக்குக் கிட்டிய நேரத்திலும், வெறுங்கண்ணுக்கு எல்லாம் சாம்பலாகக் கரையும் அந்த அரை மணித்தியாலத்தில், நல்ல கண்ணாடி வைத்திருப்பவனுக்கு மட்டும் எதிர்ப்பக்கம் தெரியும். யுத்தத்தின் முதல் குளிர்காலத்திலும் அடுத்து வந்த மாதங்களிலும் தலையைச் சற்று உயர்த்திய எத்தனையோ இளைஞர்கள் அப்படித்தான் போனார்கள். வேட்டைக்காரரும் கிரிக்கெட் வீரருமான ஹெஸ்கத் பிரிச்சாட் இதைக் கண்டு பொறுக்காமல், ஊரிலிருந்து தொலைகாட்டிகளைத் தேடிக் கொண்டுவந்து, குறிபார்ப்போருக்குப் பயிற்சி கொடுக்கத் தொடங்கினார். 1916இல் அதற்கென்று ஒரு பயிற்சிப் பள்ளியும் பிரான்ஸில் உருவானது.

இடைக்கால ஏற்பாடாக, ரைபிளின் வாய்ப்பக்கத்தில் ஒரு வில்லையும் கண்பக்கத்தில் ஒரு வில்லையும் பூட்டிக் கொடுத்தார்கள். குழாயே இல்லை. அதில் தெரியும் பரப்பு மிகக் குறுகியது. மழைத்துளி பட்டால் அதுவும் போச்சு.

1915 ஓகஸ்டில்தான் நான் தொடக்கத்தில் சொன்ன சம்பவம். பிரித்தானியாவின் புதிய வெடிபொருள் அமைச்சு, நடுநிலை நாடான சுவிட்சர்லாந்து வழியாக ஆள் அனுப்பி, ஜேர்மன் ஒளியியல் கருவிகள் வாங்க முடியுமா என்று விசாரித்தது. ஜேர்மன் தரப்பு மறுக்கவில்லை. ஆயிரக்கணக்கில் பைனாகுலர்களும் ரைபிள் ஸ்கோப்புகளும் தரலாம் என்றது. மாதிரி பார்க்க வேண்டுமா, எங்கள் வீரர்களிடமிருந்து நீங்கள் கைப்பற்றியவற்றைப் பாருங்கள் என்றும் சொன்னது. இதைச் சொல்வது எதிரியின் பிரசாரமல்ல. பிரித்தானிய அரசாங்கமே எழுதி வைத்த அந்த அமைச்சின் வரலாற்றில் இது பதிவாகியிருக்கிறது.

பதிலுக்கு ஜேர்மனி கேட்டது இறப்பர் என்று வரலாற்று நூல்கள் எழுதுகின்றன. கடல் முற்றுகையால் ஜேர்மனியில் இறப்பருக்குப் பெரும் தட்டுப்பாடு. இங்கே நம் நாடும் கதைக்குள் வந்துவிடுகிறது. 1876இல் கம்பஹாவுக்கு அருகே ஹெனரத்கொடத் தோட்டத்தில் நட்ட கன்றுகளிலிருந்துதான் இலங்கையின் இறப்பர் பரவியது. 1915 அளவில் உலகின் தோட்ட இறப்பர் பெரும்பாலும் மலாயாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் போனது. விடியற்காலையில் மரத்தைச் சீவிப் பால் எடுத்த தோட்டத் தொழிலாளிக்கு, தன் பால் எந்தத் துவக்கின் கண்ணுக்கு மாற்றுப் பண்டமாகப் பேசப்படுகிறது என்று தெரிந்திருக்க வழியில்லை.

■ பிழையைத் திருத்திய விதம்

பிரித்தானியாவை இங்கே கேலி செய்துவிட்டுப் போகலாம். அது நியாயமாகாது. அவர்கள் திருத்திக்கொண்ட விதத்தில்தான் நமக்குப் பாடம் இருக்கிறது.

லண்டன் கிங்ஸ் கல்லூரியின் இரசாயனப் பேராசிரியர் ஹேர்பர்ட் ஜக்சன், ஜேர்மன் கண்ணாடிகளைப் பகுத்து ஆராய்ந்து அவற்றுக்குச் சமமான சேர்மானங்களைக் கண்டு வெளியிட்டார். சான்ஸ் ஆலையை அரசாங்க உதவியோடு பெரிதாக்கினார்கள். டேர்பியில் இன்னொரு ஆலை எழுந்தது. ஷெபீல்ட் பல்கலைக்கழகத்தில் 1915இல் டேர்ணர் என்பவரின் தலைமையில் கண்ணாடித் தொழினுட்பத்துக்கென்றே ஒரு துறை தொடங்கியது. 1917இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் தொழினுட்ப ஒளியியல் துறை வந்தது. யுத்தம் முடியும்போது பிரித்தானியா தன் கண்ணாடியைத் தானே செய்தது.

ஆனால் அது ஒரு நாளில் நடக்கவில்லை. நடக்கவும் முடியாது. ஒரு பானைக் கண்ணாடியை ஒரு நாளுக்கு மேல் உருக்கிக் கிளற வேண்டும். பிறகு மெதுவாக ஆறவைக்க வேண்டும். பானையை உடைத்துத் துண்டு துண்டாகப் பார்த்து நல்லதைப் பொறுக்க வேண்டும். ஐந்தில் ஒரு பங்கு தேறினாலே நல்ல உருக்கு. பொறுக்கியதை மறுபடி சூடாக்கி, இறுக்கம் போக நாட்கணக்கில், வாரக்கணக்கில் ஆறவைக்க வேண்டும். எந்தப் பிரதமர் கட்டளை போட்டாலும் கண்ணாடி அவசரமாக ஆறாது.

அமெரிக்காவும் 1917இல் இதே குழியில் விழுந்தது. அங்கும் வீட்டுப் பைனாகுலர்களைக் கடற்படை கேட்டு வாங்கியது. அவர்களைக் காப்பாற்றியவர்கள் யார் தெரியுமா? வொஷிங்டனில் எரிமலைப் பாறைகள் எப்படி உருகி இறுகுகின்றன என்று ஆராய்ந்துகொண்டிருந்த கார்னகி நிறுவனத்தின் புவிப்பௌதிக ஆய்வுகூடத்தார். உருகிய மணற்சேர்வைகளை அவர்களைவிட அறிந்தவர் அந்த நாட்டில் இல்லை. ஆலைகளுக்குள் போய், சில மாதங்களிலேயே உற்பத்தியைச் சீராக்கினார்கள். எரிமலைப் பாறையைப் படித்து என்ன பிரயோசனம் என்று கேட்டிருக்கக் கூடியவர்களுக்கு அதுவே பதில்.

சுதந்திர இந்தியாவும் இந்தப் பாடத்தைப் படித்தது. கல்கத்தாவில் உள்ள கண்ணாடி, மட்பாண்ட ஆராய்ச்சி நிறுவனத்தில் ஆத்மா ராம் என்ற விஞ்ஞானியின் தலைமையில், வெளியார் உதவியை எதிர்பார்க்காமல் ஒளியியல் கண்ணாடியைத் தாங்களே செய்யப் பழகினார்கள். 1960களின் தொடக்கத்தில் அது உற்பத்திக்கு வந்தது.

■ கண்ணாடியை எடுத்துச் செல்லாதவர்கள்

கதையில் இன்னும் இரண்டு கட்டங்கள் இருக்கின்றன.

கண்ணாடி எவ்வளவு நல்லதென்றாலும், காற்றும் கண்ணாடியும் சந்திக்கும் ஒவ்வொரு முகத்திலும் நூற்றுக்கு 4 பங்கு அளவில் ஒளி தெறித்து வீணாகும். பத்து முகங்கள் உள்ள ஸ்கோப்பில் மூன்றில் ஒரு பங்கு ஒளி அப்படியே போய்விடும். தெறித்த ஒளி உள்ளே அலைந்து உருவத்தையும் வெளிறச் செய்யும். 1890களில் இங்கிலாந்தின் டெனிஸ் டெய்லர், பழசாகி நிறம் மங்கிய வில்லைகள் புதியவற்றைவிடக் கூடுதல் ஒளியைக் கடத்துவதைக் கவனித்தார். மேலே படிந்த மெல்லிய படைதான் காரணம். அந்தப் படையை வேண்டுமென்றே சீராகப் பூசும் முறையை 1935இல் கண்டவர், யேனாவின் சைஸ் நிறுவனத்தில் வேலை செய்த அலெக்சாண்டர் ஸ்மகூலா. இங்கிலாந்தில் கவனித்தார்கள், ஜேர்மனியில் செய்து முடித்தார்கள். ஜேர்மனி அதை இராணுவ இரகசியமாக வைத்திருந்தது. இன்று உங்கள் மூக்குக்கண்ணாடியிலும் போன் கமராவிலும் நீலம், பச்சையாக மினுங்குவது அந்தப் பூச்சின் வாரிசுதான்.

1945இல் அமெரிக்கப் படை யேனாவுக்குள் நுழைந்தது. ஒப்பந்தப்படி அந்த ஊரைச் சோவியத் யூனியனிடம் கொடுக்க வேண்டும். கொடுப்பதற்கு முன் அமெரிக்கர்கள் அங்கிருந்து லொறிகளில் ஏற்றிக்கொண்டு போனது முக்கியமாக மனிதர்களை. சைஸ் நிறுவனத்திலிருந்து 84 பேர், ஷொட் ஆலையிலிருந்து 41 பேர், குடும்பங்களோடு. அந்த 41 கண்ணாடிக்காரர்களும் மேற்கில் ஊர் ஊராக அலைந்து, 1952இல் மைன்ஸ் நகரில் ஷொட் ஆலையைப் புதிதாக எழுப்பினார்கள். பின்னால் வந்த சோவியத் படையினர் இயந்திரங்களைக் கழற்றிக் கொண்டுபோனார்கள். போதாதென்று கண்டு, அவர்களும் நிபுணர்களை ஏற்றிச் சென்றார்கள். யுத்தத்தில் வென்ற இரண்டு வல்லரசுகளுக்கும் தெரிந்திருந்தது, தெளிவான கண்ணாடி எங்கே இருக்கிறது என்று. அது உலையில் இல்லை. உலை பார்க்கத் தெரிந்த மனிதனிடம் இருக்கிறது.

■ நமக்கு

2022இல் டொலர் இல்லாமல் பெற்றோலுக்கும் கேஸுக்கும் நாம் நின்ற வரிசைகளை யாரும் மறக்கவில்லை. மருந்துக்கடையில் இல்லை என்ற பதிலைக் கேட்டுத் திரும்பிய வாப்பாமாரும் உம்மாமாரும் இந்தப் பதிவை வாசிப்பவர்களில் இருப்பீர்கள். காசு கொடுத்தால் கிடைக்கும் என்று இருந்த பொருள், ஒருநாள் காசு கொடுத்தாலும் கிடைக்காமல் போகலாம். ஒரு சின்ன நாடு எல்லாவற்றையும் தானே செய்ய முடியாது, செய்யவும் தேவையில்லை. ஆனால் செய்யத் தெரிந்த கைகள் ஊரில் இருக்க வேண்டும். நாத்தாண்டிய, மாரவில பக்கத்தில் தரமான சிலிக்கா மணல் இருக்கிறது. மணலை வைத்திருப்பது மட்டும் கண்ணாடியாகாது என்பதைத்தான் இவ்வளவு நேரமும் எழுதினேன்.

கினானும் ஷொட்டும் உலைக்காரர்கள். பிறவுன்ஹோபர் தொழில் பழகிய யதீம். அபே பேராசிரியர். இவர்களில் யாரும் மற்றவரைக் குறைவாக நினைக்காத இடத்தில்தான் நல்ல கண்ணாடி பிறந்தது. இங்கிலாந்தில் பரடேயின் ஆய்வுகூடமும் இருந்தது, சான்ஸின் உலையும் இருந்தது. இரண்டுக்கும் நடுவில் பாதை இருக்கவில்லை. அந்தப் பாதை இல்லாமல் போனதற்கு விலை கொடுத்தவர்கள் பேராசிரியரோ வியாபாரியோ அல்ல, பதுங்குகுழியில் தலை உயர்த்திய 19 வயதுப் பையன்கள்.

நம் ஊரில் பெறுபேறு வந்ததும் டொக்டரா, இஞ்சினியரா என்று கேட்கிறோம். தொழினுட்பப் பிரிவு எடுத்த பிள்ளையிடம் "ஏன் மகன், வேறொன்றும் கிடைக்கவில்லையா?" என்று கேட்கிறோம். லேத் பட்டறையில் வேலை பழகும் பிள்ளையைக் கலியாணப் பேச்சில் கீழே வைக்கிறோம். பட்டறைப் பிள்ளைக்குப் பௌதிகவியல் தேவையில்லை என்றும், பௌதிகவியலில் ஏ எடுத்த பிள்ளைக்கு அரம் பிடிக்கத் தெரிய வேண்டியதில்லை என்றும் நாமே சுவர் கட்டி வைத்திருக்கிறோம்.

அந்தச் சுவரை ஒரு கல்லாவது குறையுங்கள். கண்ணாடிக் கடை வைத்திருக்கும் நானாமார், மாணிக்கம் பட்டை தீட்டும் ஹாஜியார்மார், மோட்டார் திருத்தும் சகோதரர்கள், உங்கள் பட்டறைக் கதவை ஒரு சனிக்கிழமை பாடசாலைப் பிள்ளைகளுக்குத் திறந்து விடுங்கள். பாடப்புத்தகத்தில் முறிவுச்சுட்டி என்று மனப்பாடம் செய்யும் பிள்ளை, அதே முறிவுச்சுட்டியை வைத்து நீலக்கல்லையும் கண்ணாடிக்கல்லையும் நீங்கள் பிரித்தறிவதை ஒரு தடவை நேரில் காணட்டும். மற்றதை அந்தப் பிள்ளை பார்த்துக்கொள்ளும், இன்ஷா அல்லாஹ்.

கருத்துகளைக் கீழே எழுதுங்கள். பட்டறை காட்டத் தயாராக இருப்பவர்கள் உங்கள் பக்கத்துப் பாடசாலையின் விஞ்ஞான ஆசிரியரோடு நேரடியாகப் பேசுங்கள். வஸ்ஸலாம்.